கத்தினால் விதை வரும் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

தம்பி, உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. படிக்கும் மற்றவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடியில் வாடகை வீடு. மூன்று மாதங்களுக்கு முன் வாங்கிய, சன் கன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளிக் குஞ்சுக்கு இப்போது வயது 5 மாதம், பெயர் 'மாங்கா'. சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடுவதில்லை. பெல்லட் என்ற ஆயத்தக் குருணைத் தீனியைக் கொத்திக் கீழே தள்ளுகிறது, கேரட்டைக் கண்டால் கூண்டின் மறுகோடிக்கு ஓடுகிறது. காலை 6 மணிக்கு ஒரு கச்சேரி, மாலை 5.30க்குத் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் ஓயாத இன்னொரு கச்சேரி. கீழே இருக்கும் வீட்டுக்காரர், "கிளியா, வீடா, முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். நீங்கள் பகலெல்லாம் சிப்காட்டில் வேலையில் இருக்கிறீர்கள். வீட்டில் அம்மா மட்டும். தீனியை மாற்றுவது எப்படி, கத்தலை நிறுத்துவது எப்படி என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 22 ஆண்டுகளாகக் கூண்டுப் பறவைகள் வளர்க்கிறவன். மருத்துவன் அல்லன். ஆனால் கத்துகிற கன்யூர்களோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய 7 நிமிட வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை அதிலேயே இருக்கிறது. இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி.

வீடியோவில் மாங்கா ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது. முதல் கத்தல் ஜன்னலைப் பார்த்து. யாரும் வரவில்லை. திரும்பி, சமையலறை வாசலைப் பார்த்து இரண்டாவது கத்தல். கத்தி முடித்ததும் கழுத்தைச் சாய்த்து ஒரு கணம் காது கொடுக்கிறது. அந்த ஒரு கணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டதும் கண்மணி சுருங்கி விரிகிறது. மூன்றாவது கத்தல் முடிவதற்குள் அம்மா வந்துவிடுகிறார். "சும்மா கிட, சனியனே" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போகிறார். உடனே அமைதி. விதையை நாக்கால் உருட்டி, நிமிர்த்தி, விளிம்பில் ஒரு கடி; தோல் இரண்டாகப் பிளந்து கீழே விழுகிறது. ஒன்றரை நிமிடம் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அப்புறம் மறுபடி ஜன்னலைப் பார்த்து முதல் கத்தல்.

7 நிமிடத்தில் இது நான்கு முறை நடக்கிறது. விதை போட்டால் கிளி அடங்கும் என்பது அம்மா கண்டுபிடித்தது. கத்தினால் அம்மாவும் வருவார், விதையும் வரும் என்பது கிளி கண்டுபிடித்தது. இருவரும் தவறாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: கத்தும் ஒவ்வொரு முறையும் கூலி கிடைக்கிறது, கூலியாகக் கிடைப்பதோ கொழுப்பு நிறைந்த விதை, வயிறு நிறைந்திருப்பதால் கேரட்டும் பெல்லட்டும் வேண்டாததாகின்றன. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய பெரிய மாற்றம் ஒன்றுதான். சூரியகாந்தி விதை கிண்ணத்தை விட்டு வெளியேறி, உங்கள் கைக்கும் அம்மாவின் கைக்கும் வர வேண்டும். கத்தலுக்குக் கொடுத்த கூலியை, நமக்குப் பிடித்த வேறொரு சத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். கீழே வரும் எல்லாமே அதை எப்படிச் செய்வது என்பதன் விவரம்தான்.

முதலில் அது ஏன் கத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சன் கன்யூர் தென் அமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்தது. கயானாவிலும் பிரேசிலின் வடக்கிலும் கூட்டமாகத் திரியும் பறவை. மரங்களுக்கிடையே ஒன்றையொன்று காணாதபோது "எங்கே இருக்கிறாய்?" என்று ஒன்று கூப்பிட, "இங்கேதான்" என்று மற்றது பதில் சொல்லும். வெகுதூரம் கேட்க வேண்டிய குரல் அது. 110 கிராம் உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வருவதற்குக் காரணம் அதுதான். காலையில் இரை தேடிப் புறப்படும்போதும் மாலையில் அடையும்போதும் அந்தக் கூப்பிடல் உச்சத்துக்குப் போகும். உங்கள் தெரு மரத்தில் மாலையில் மைனாக்கள் போடும் இரைச்சலை யாரும் குற்றமாக நினைப்பதில்லை அல்லவா? மாங்காவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதன் கூட்டம் நீங்களும் அம்மாவும். நீங்கள் அறையை விட்டுப் போனால் கூட்டம் பறந்துபோய்விட்டது.

எனவே ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். சன் கன்யூர் சத்தமே போடாத பறவையாக ஒருநாளும் மாறாது. காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் கூவுவது அதன் பிறவிக்குணம். அதை நிறுத்த முயன்றால் நீங்கள்தான் தோற்பீர்கள். நாம் குறைக்கப் போவது மீதி ஒன்றரை மணி நேரத்தை. அது நாம் கற்றுக்கொடுத்தது. அதனால் மாற்ற முடியும். வாடகை வீட்டில், கீழே வீட்டுக்காரர் இருக்க, இந்த இனத்தை வாங்கியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்கியாகிவிட்டது, 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர். இனி அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இன்னொன்று. 5 மாதக் குஞ்சின் எல்லாச் சத்தமும் இந்தக் கூப்பிடல் அல்ல. உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை நடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு 'ங்ஙே, ங்ஙே' என்று இழுத்தால் அது பசிக்கு அழும் குஞ்சின் குரல். சிரிஞ்சில் கூழ் ஊட்டி வளர்க்கும் குஞ்சுகள் 8 முதல் 10 வாரத்தில் தானாகத் தின்னத் தொடங்கும். அதற்கு முன்பே அவசரமாகக் கூழை நிறுத்தி விற்றுவிட்டால், வீடு மாறிய அதிர்ச்சியில் சில குஞ்சுகள் மறுபடி கைக்குழந்தையாகிவிடும். உங்களுக்கு விற்றவர் என்ன செய்தார் என்று இப்போது ஆராய வேண்டாம். வீடியோவின் கடைசியில் ஒரு முறை அந்த ஆட்டம் தெரிகிறது. அந்தக் குரலுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை வெதுவெதுப்பாக, குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டில், சிறு கரண்டியில் நீட்டுங்கள். உங்கள் மணிக்கட்டின் உட்புறம் வைத்துப் பார்த்தபின் கொடுங்கள்; சூடு மிஞ்சினால் தீனிப்பை வெந்துவிடும். சிரிஞ்சைக் கையில் எடுக்கவே வேண்டாம். பழக்கமில்லாத கை மூச்சுக்குழாயில் இறக்கிவிடும். கரண்டியில் தின்னப் பழகும் குஞ்சு காய்கறிக்கும் சீக்கிரம் பழகும் என்பது நான் பலமுறை கண்டது.

இனி கத்தலுக்கு வருவோம். மாங்காவுக்கு நீங்கள் ஒரு மாற்றுக் குரலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சிறிய சீழ்க்கை போதும். இரண்டு சுரம், 'ஃபீ-ஃபூ'. அம்மாவுக்குச் சீழ்க்கை வராவிட்டால் நாக்கைச் சப்புக்கொட்டுவதும் போதும். முதல் இரண்டு நாள், அது அமைதியாக இருக்கும் நேரங்களில் கூண்டருகே போய்ச் சீழ்க்கை அடித்து, ஒரே ஒரு விதையைக் கையிலிருந்து கொடுங்கள். சீழ்க்கை என்றால் விதை என்பது பதியட்டும். மூன்றாம் நாளிலிருந்து அறையை விட்டு வெளியே போகும்போது நீங்களே முந்திக்கொண்டு சீழ்க்கை அடியுங்கள். கூட்டம் போகிறது, ஆனால் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அது கத்தாமல் வேறு எந்தச் சின்னச் சத்தம் போட்டாலும், ஒரு முனகல், ஒரு கிறீச், ஏதாவது சரி, உடனே பதில் சீழ்க்கை கொடுத்து, நேரில் வந்து ஒரு விதையும் கொடுங்கள். சில வாரங்களில் பெரும்பாலான கன்யூர்கள் அந்தச் சீழ்க்கையையே தாமும் பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்கிற நாள் வீட்டுக்கே விசேஷமாக இருக்கும்.

கத்தினால்? ஒன்றும் செய்யக் கூடாது. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு இதைப் போல் கடினமானது இல்லை. வரக் கூடாது, பார்க்கக் கூடாது, அதட்டக் கூடாது. அதட்டல் உங்களுக்குத்தான் கோபம். கிளிக்கு அது பதில். நாம் உரக்கக் கத்தினால் கூட்டத்தில் இன்னொருவனும் சேர்ந்துகொண்டான் என்று அது மகிழும். தண்ணீர் தெளிப்பதும், கூண்டைத் தட்டுவதும், பகலில் துணி போட்டு மூடுவதும் பயத்தைத்தான் வளர்க்கும்; பயந்த கிளி கத்துவதோடு கடிக்கவும் கற்றுக்கொள்ளும். கத்தல் நின்று, பத்து வரை மெதுவாக எண்ணி, அந்த அமைதியில் உள்ளே வாருங்கள். முதல் வாரத்தில் மூன்று நொடி அமைதி கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டலாம்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். கூலி நின்றதும் கிளி அடங்காது. இன்னும் அதிகமாகக் கத்தும். காசு போட்டும் பொருள் வராத இயந்திரத்தை நாம் தட்டோ தட்டென்று தட்டுகிறோமே, அதுபோல. ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். அந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் ஒரே ஒரு முறை விதை போட்டுவிட்டால், 'அரை மணி நேரம் கத்தினால்தான் கிடைக்கும் போலிருக்கிறது' என்று அது பாடம் படித்துவிடும். பிறகு அதை மாற்றுவது முன்பைவிடக் கடினம். ஆகவே தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை கீழே போய் வீட்டுக்காரரைப் பாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். "அண்ணே, கிளிக்குப் பயிற்சி கொடுக்கிறோம். பத்து நாள் சத்தம் இன்னும் அதிகமாக இருக்கும், அப்புறம் குறைந்துவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன சத்தத்தை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் வந்ததுதான் எரிச்சல் ஊட்டும். அந்தப் பத்து நாளும் மாலையில் கூண்டைத் தெருப்பக்க ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி வைத்தால் சத்தமும் குறையும், காக்கையையும் பூனையையும் கண்டு பதறுவதும் குறையும்.

தூக்கம். கூண்டு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் பத்தரை மணிவரை சீரியல் ஓடுகிறது. விடியற்காலையிலேயே சமையலறை விளக்கு எரிகிறது. இந்தப் பறவைக்கு 10 முதல் 12 மணி நேர இருட்டு வேண்டும். உங்கள் வீட்டில் அதற்குக் கிடைப்பது ஏழு. தூக்கம் போதாத குழந்தை மாலையில் எப்படிச் சிணுங்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். இரவு 7.30க்கு உள்ளறையில் சிறிய தூக்கக்கூண்டுக்கு மாற்றி, காற்றோட்டம் விட்டு மூன்று பக்கம் துணி போட்டு, காலை 6.30 வரை விட்டுவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே மாலைக் கச்சேரி கணிசமாகக் குறைந்த வீடுகள் உண்டு.

அடுத்தது தீனி. இதில் நான் சற்று நீட்டி முழக்குவேன், காரணம் இருக்கிறது. என் முதல் காக்கட்டீலுக்கு (கொண்டை வைத்த சிறு கிளி) ஆறு ஆண்டுகள் விதையை மட்டுமே போட்டேன். உருண்டையாக, பளபளப்பாக இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். ஒருநாள் காலையில் கூண்டின் தரையில் கிடந்தது. அறுத்துப் பார்த்த மருத்துவர் கல்லீரல் முழுவதும் கொழுப்பு என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பறவை அது.

சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான். சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் இவற்றின் உள்தோல் தடித்து வறண்டுபோகும். கிருமிகள் எளிதில் நுழையும். அடிக்கடி தும்முவது, மூக்குத்துளை அடைப்பது, வாய்க்குள் வெள்ளைத் திட்டு, மங்கிய இறகு இவையெல்லாம் அதன் அடையாளங்கள். (மாங்காவின் பச்சை கலந்த மங்கல் நிறத்தைப் பார்த்துப் பயந்து எழுதியிருந்தீர்கள். அது நோய் அல்ல. சன் கன்யூர் குஞ்சுகள் பச்சையும் மஞ்சளும் கலந்தே இருக்கும். முழு மஞ்சளும் ஆரஞ்சும் வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். காய் பழுக்கட்டும், பெயர் அதற்குப் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.)

தீனி மாற்றத்துக்கு முன் ஒரு பொருள் வாங்குங்கள்: கிராம் காட்டும் சமையலறைத் தராசு. தினமும் காலை, முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன் எடை பார்த்து நாள்காட்டியில் எழுதுங்கள். 110 கிராம் பறவை 99 கிராமுக்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு, முயற்சியை நிறுத்திப் பழைய தீனியைக் கொடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 'பசித்தால் தானாகத் தின்னும்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பெல்லட்டைத் தீனி என்றே அடையாளம் தெரியாமல் அதன் பக்கத்திலேயே பட்டினி கிடக்கும் கிளிகள் உண்டு. எச்சத்தையும் பாருங்கள்: அளவு சுருங்கி, கரும்பச்சையாகிவிட்டால் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. கிண்ணத்தைப் பார்த்து ஏமாறுவது இன்னொரு தவறு. மேலே நிறைந்திருப்பது வெறும் தோலாக இருக்கலாம். ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சியின் முதல் நாளிலேயே சூரியகாந்தியைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தினை, சாமை, கம்பு கலந்த சிறுவிதை. கொழுப்பு குறைவு, விதையும் கிடைத்ததுபோல் இருக்கும், அதுவும் இடைக்காலத்துக்குத்தான். காலை 6.30க்கு, பசி மிகுந்த நேரத்தில், முதலில் காய்க்கலவை மட்டும். பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளி, குடைமிளகாய், பீன்ஸ், கோவைக்காய், எல்லாவற்றையும் துவரம்பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்கி, அதன்மேல் கொஞ்சம் தினையைத் தூவிவிடுங்கள். தினையைப் பொறுக்கும்போது அலகில் பரங்கிக்காய் ஒட்டும்; முதல் ருசி அப்படித்தான் ஏறும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் அதற்குமேல் வைத்தால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பிறகு பெல்லட்டும் சிறுவிதையும் கலந்த கிண்ணம். வாரத்துக்கு வாரம் பெல்லட்டைக் கூட்டி விதையைக் குறையுங்கள். சாயம் ஏற்றாத பெல்லட் போதும். முதலில் பொடித்து, ஆரஞ்சுச் சாற்றில் ஈரமாக்கி வையுங்கள். இரவு படுக்கும் முன் வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம்; அவசரம் வேண்டாம். கடைசியில் தீனியில் பாதிக்குமேல் பெல்லட்டும், மீதியில் பெரும்பகுதி காயும் கீரையும், கொஞ்சம் பழமும் என்று நின்றால் நல்லது.

கீரைக்கு ஒரு தந்திரம். முருங்கைக்கீரையை ஆய்ந்து கிண்ணத்தில் போடாதீர்கள். ஈர்க்கோடு ஒரு கொத்தை நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேற்புறத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். முதல் நாள் பயப்படும். இரண்டாம் நாள் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். குளிக்கும்போது ஒரு இலையைக் கடித்துப் பார்க்கும். என்னிடம் இருக்கும் இரண்டு கன்யூர்களும் கீரை தின்னத் தொடங்கியது இப்படித்தான். பசலையும் பாலக்கும் எப்போதாவது போதும். அவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பச்சை மிளகாயைப் பயமில்லாமல் கொடுக்கலாம். காரத்தை உணரும் அமைப்பு பறவைகளின் உடம்பில் நம்மைப்போல் வேலை செய்வதில்லை. ஆனால் சந்தை மிளகாயில் பூச்சிமருந்து இருக்கும். உப்புநீரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு மிக நல்லது, வழவழப்போ வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட வேகமாக வேலை செய்வது ஒன்று உண்டு: நீங்கள் தின்பது. காலைச் சிற்றுண்டி நேரத்தில் கூண்டை அருகில் வைத்துக்கொண்டு, கேரட் துண்டை அதன் கண்ணெதிரே கடித்து, 'ம்ம்' என்று ரசித்துத் தின்னுங்கள். உடனே நீட்டிவிடாதீர்கள். கூட்டம் தின்பதைத் தானும் தின்ன வேண்டும் என்ற ஆசை வரும்வரை காத்திருங்கள்.

கடலூர்க்காரருக்கு இருக்கும் வசதி ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்சியத்துக்காகக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வெள்ளை ஓடு வேறொன்றுமில்லை, கணவாய் ஓடுதான். நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை என்பார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நடந்தால் கரை ஒதுங்கியது கிடைக்கும். எண்ணெய்க்கறை இல்லாத ஓடாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் நான்கைந்து நாள், தினமும் நீரை மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கி, கொதிக்கவைத்து, வெயிலில் மொறமொறவென்று காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். பண்ருட்டிப் பலாச்சுளையும் சின்னத் துண்டாகக் கொடுக்கலாம். முந்திரிப் பருப்பு பதப்படுத்தியது, உப்பில்லாதது, வாரத்துக்கு ஒன்றிரண்டு விள்ளல். உறவினர் தோப்பிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை வந்தால் கிளிக்கு எட்டாமல் வையுங்கள்; அந்த ஓட்டின் பால் நம் கையையே புண்ணாக்கும்.

நம் வீடுகளில் கிளி என்றதும் தயிர்சாதம், பால் பிஸ்கட், மிக்சர். எங்கள் ஊரில் காப்பியில் தோய்த்த ரொட்டியையும் ஊட்டுவார்கள். பாலைச் செரிக்கும் சக்தி பறவைக்கு இல்லை. உப்பும் காப்பியும் அந்தச் சின்ன உடம்புக்கு நஞ்சு. சாக்லேட், வெண்ணெய்ப்பழம், வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை ஆகவே ஆகாது. தீனியில் சேராத நஞ்சு ஒன்றும் உங்கள் சமையலறையில் இருக்கிறது: நான்ஸ்டிக் தோசைக்கல். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து எழும் புகை, நமக்கு வாடையே தெரியாத நிலையிலும், சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். அம்மாவுக்கு ஒரு நல்ல இரும்புக்கல் வாங்கிக் கொடுங்கள். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம்.

பகலில் அம்மா வேலையாக இருக்கும் நேரத்துக்கு மாங்காவுக்கும் வேலை கொடுங்கள். காட்டில் கிளி நாளின் பெரும்பகுதியை இரை தேடுவதில் கழிக்கும். நம் வீட்டில் ஐந்து நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் கத்தும். பெல்லட்டைச் சோளத்தோகையில் சுருட்டி வாழைநாரால் கட்டித் தொங்கவிடுங்கள். பனையோலைக் கிலுகிலுப்பை கிடைத்தால் சாயமில்லாததாக வாங்கிக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் நாராகக் கிழித்துவிடும், கிழிக்கத்தான் அது. கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் உட்காரவும் கடிக்கவும் நல்லவை. அரளி மட்டும் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்கு அருகில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எச்சப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இறகை உப்பிக்கொண்டு பகலில் தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கத்திக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியாவது, இவை பயிற்சி பலித்ததற்கு அடையாளம் அல்ல. அன்றைக்கே வண்டி ஏறுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கன்யூர் வெளிநாட்டுப் பறவை, வளர்க்கலாம். ஆனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்றவரிடமிருந்து ரசீது வாங்காமல் விட்டிருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இந்தத் திட்டம் முழுவதும் உங்களைவிட அம்மாவின் கையில்தான் இருக்கிறது. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர். விதை டப்பாவும் அவர் பக்கத்தில். தினமும் காலையில் இருபது சூரியகாந்தி விதைகளை எண்ணி ஒரு சின்னச் சம்புடத்தில் போட்டு அவரிடம் கொடுங்கள். அன்றைய கூலி அவ்வளவுதான். மீதியை எடுத்து மேல்தட்டில் வைத்துவிடுங்கள். மாலை 5.20க்கு, கத்தல் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே, அவர் கூண்டருகே நாற்காலி போட்டுக் கீரை ஆயட்டும். கிளி கத்திக் கூப்பிட வேண்டிய ஆள் பக்கத்திலேயே இருப்பார். ஆயும்போது அதனிடம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும். 'சனியனே' என்றுகூடச் சொல்லலாம், குரலை உயர்த்தாமல், அது அமைதியாக இருக்கும்போது. மூன்று வாரம் கழித்து எடைக் குறிப்பையும், அதே 5.30 மணிக்கு எடுத்த இன்னொரு 7 நிமிட வீடியோவையும் அனுப்புங்கள்.